கோரிக்கை ரத்தா, மீளப்பெறலா?

வணக்கம். அரசமைப்பைத் திருத்த ஓர் அவையைக் கூட்டும்படி கேட்ட அமெரிக்க மாநிலம், பின்னர் அந்தக் கோரிக்கையைக் கைவிடுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் கேட்டது:

> மாநிலம் தன் பழைய தீர்மானத்தைக் கைவிடுவதற்கு ‘ரத்து’ போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா. ஆனால் ‘ரத்து’ என்று எழுதினால், இன்னும் தீராத ஒரு வழக்குக்கு நாமே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் பிரிவுப்படி மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள், இன்றைய கணக்கில் 34, கேட்டால், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் திருத்தங்களை முன்மொழிய ஓர் அவையைக் கூட்டியாக வேண்டும். கேட்டதைத் திரும்பப் பெறலாமா என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. நடுவண் அரசு வரவுக்கு மேல் செலவிடக் கூடாது என்னும் வரவுசெலவுச் சமநிலைத் திருத்தத்துக்காக 1983-க்குள் 32 மாநிலங்கள் கேட்டிருந்தன. 1988-இல் அலபாமாவும் புளோரிடாவும் பின்வாங்கின. 1975-இல் கேட்ட மேரிலாந்து, 2017-இல் தன் பழைய கோரிக்கைகள் அத்தனையையும் திரும்பப் பெற்றது. இது செல்லுமா? 1868-இல் ஒஹாயோவும் நியூ ஜெர்சியும் அரசமைப்பின் 14-ஆம் திருத்தத்துக்குத் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றபோது, காங்கிரஸ் அவற்றையும் ஒப்புதல் பட்டியலில் சேர்த்தே எண்ணியது. அது ஒப்புதல், இது கோரிக்கை என்று வேறுபடுத்தி வாதிடுகிறவர்களும் உண்டு.

அதனால் மாநிலம் செய்த செயலை மட்டும் சொல்லும் சொல்தான் வேண்டும். ‘வாபஸ்’ என்றால் வேட்புமனு நினைவுக்கு வரும். அங்கே வாங்கியதோடு கதை முடிந்தது. ஈழத்து எழுத்தில் இயல்பாகப் புழங்கும் ‘மீளப்பெறல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கோரிக்கை மீளப்பெறல்’. செல்லுமா என்பதை அது முடிவுசெய்யவில்லை.

அப்புறம், கூட்டப்படும் அந்த அவை. ‘அரசியல் நிர்ணய சபை’ வேண்டவே வேண்டாம். அது புது அரசமைப்பையே எழுதும் சபை. 1787-இல் பிலடெல்பியாவில் அன்றிருந்த கூட்டமைப்பு உடன்படிக்கையைத் திருத்துவதற்காகக் கூடியவர்கள் புது அரசமைப்பையே எழுதிவிட்டார்கள். அப்படி மறுபடி நடக்கும் என்ற அச்சத்தில்தான் பல மாநிலங்கள் பின்வாங்குகின்றன. அந்த அச்சத்தைச் சொல்லுக்குள்ளேயே வைக்கக் கூடாது. ‘அரசியலமைப்புப் பேரவை’ இலங்கையில் வேறோர் அமைப்பின் பெயர். ‘மாநாடு’ என்றால் கட்சிக்கொடி தெரிகிறது. மூல வாசகம் திருத்தங்களை முன்மொழிவதற்கான அவை என்றுதான் சொல்கிறது. ஆகவே ‘திருத்த முன்மொழிவு அவை’. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

சரி, ‘கோரிக்கை’யில் எனக்கே ஒரு நெருடல் இருக்கிறது. கோரிக்கையை மறுக்கலாம், 34 சேர்ந்துவிட்டால் காங்கிரஸ் மறுக்க முடியாது. ‘விண்ணப்பம்’ இன்னும் பணிவாக ஒலிக்கிறது. இதைவிட உறுதியான சொல் யாருக்காவது தோன்றுகிறதா?