நிறநீக்கியா, நிறச்சமனியா? கண்ணாடியில் சேர்க்கும் அருமண்களுக்கு ஒரு சொல்

அன்புள்ள அண்ணா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், கண்ணாடியில் சேர்க்கும் "சீரியம், எர்பியம், நியோடிமியம் மூன்றையும் நிறநீக்கி என்றே போட்டுவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். இவ்வகைத் தனிமங்களுக்கு (rare earths) 'அருமண்' என்ற சொல்லை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மூன்றுக்கும் ஒரே சொல் என்பதை ஏற்க மனம் வரவில்லை. மொரிசியசில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பட்டியலை நம்பித்தான் படிக்கப்போகிறார்கள்.

மணலில் துளி இரும்பு இருந்தாலும் குவளையின் விளிம்பில் பச்சை தட்டும். இங்கே மொரிசியசின் பீனிக்ஸ் ஊரில் பழைய போத்தல்களை உருக்கிச் செய்யும் கைவினைப் பொருள்களுக்கு அது அழகு. விலை உயர்ந்த மதுக்கிண்ணத்துக்கு அது குறை. சீரியம் ஆக்சைடு, நீலப்பச்சை தரும் ஃபெரஸ் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து, வெளிறிய மஞ்சள் தரும் ஃபெரிக் இரும்பாக மாற்றுகிறது. இரும்பு போய்விடவில்லை, ஆனால் நிறம் வெகுவாகக் குறைகிறது. அதை நிறநீக்கி என்பது சரி.

மற்ற இரண்டும் செய்வது வேறு வேலை. எர்பியம் இளஞ்சிவப்பு, நியோடிமியம் ஊதா. மிச்சமிருக்கும் சாயலுக்கு எதிர்நிறத்தைக் கூட்டிக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகின்றன, வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதுபோல. நிறம் நீங்கவே இல்லை. கண்ணாடி வழியே வரும் ஒளியும் சற்றுக் குறைகிறது. இவற்றை 'ஈடுநிறமி' என்போமா?

அன்புடன்,
ரோஸ்ஹில் தங்கை

*

தங்கைக்கு,

வேறுபாடு விளங்கியது, பிரித்தே ஆகவேண்டும். ஆனால் 'நிறமி' என்றால் பிள்ளைகள் பெயின்ட்டில் கலக்கும் தூளை நினைப்பார்கள். இங்கே அது கண்ணாடியிலேயே கரைந்துவிடுகிறதே. 'நிறச்சமனி' எப்படி? மாங்கனீசை எங்கே வைப்பது?

*

அண்ணா,

நிறச்சமனி மிகப் பொருத்தம்! செலினியம், கோபால்ட் இரண்டுக்கும் அதுவே உதவும். மாங்கனீசு இரும்பை ஆக்சிஜனேற்றமும் செய்யும், தன் ஊதாவால் சமனும் செய்யும். ஆகவே இரண்டு இடத்திலும் வரட்டும். பல ஆண்டு வெயில் பட்டால் அந்தக் கண்ணாடி ஊதாவாகும் என்பதையும் குறிப்பில் சேர்க்கலாம்.

சொல் தனிமத்துக்கு அல்ல, அது செய்யும் வேலைக்கு என்று முதலிலேயே எழுதிவிடுவோம். 1920களில் போகிமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மோசர் கண்ணாடித் தொழிற்கூடம் நியோடிமியத்தை மிகுதியாகச் சேர்த்துச் செய்த கண்ணாடி பகலில் இளம் ஊதா, டியூப்லைட்டில் நீலம். அங்கே அதே நியோடிமியம் நிறமூட்டி. நிறநீக்கி, நிறச்சமனி, நிறமூட்டி என்ற மூன்று பதிவுகளையும் பிரித்து எழுதி நாளை அனுப்புகிறேன். மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள்.