ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சமைத்தவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் நர்ஸாக இருக்கிறாள், போய் ஒன்பது வருடமாகிறது. இந்தக் கிறிஸ்மஸுக்கு மருமகனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வருகிறாள். போன வாரம் போனில் பேரன், "அம்மச்சி, உங்க வீட்டிலும் சண்டே ரோஸ்ட் உண்டா?" என்று கேட்டான். எட்டு வயதுப் பிள்ளை. அங்கே ஞாயிறு மத்தியானம் இறைச்சியை ஓவனில் சுட்டுச் சாப்பிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறான். "உண்டு மக்களே, வா" என்று சொல்லிவிட்டேன். என்னிடம் ஓவன் கிடையாது. இரண்டு கேஸ் அடுப்பும் வெளியே ஒரு விறகடுப்பும்தான்.

ஆனால் என் கேள்வி பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். எட்டரை மணி ஆராதனைக்குப் போக நான் நாலரைக்கு எழ வேண்டும். தேங்காய் திருவி, வறுத்து, அரைத்து, இறைச்சியை அடுப்பில் ஏற்றி, பாதியில் இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். திரும்பி வந்ததும் சேலை மாற்றாமல் அடுக்களைக்குள் நுழைவேன். ஆண்களும் பிள்ளைகளும் ஒன்றரைக்குச் சாப்பிடுவார்கள். நானும் நாத்தனாரும் விளம்பி, அதாவது பரிமாறி முடித்து உட்காரும்போது மணி மூன்று ஆகியிருக்கும், சோறு ஆறிப்போயிருக்கும். என் அம்மையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் சூடாக இறைச்சி தின்று நான் பார்த்ததே இல்லை.

மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் கட்டிய ஆலயத்திலிருந்து கணக்கு வைத்தால் இருநூறு வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்தில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. அந்த நாளில் அடுக்களைக்கும் ஓய்வு வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? மகள் சொல்வதைப் பார்த்தால், அங்கே இறைச்சியை ஓவனில் வைத்துவிட்டு வெளியே போய் வருகிறார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் மேஜைக்கு வருகிறது, சமைத்தவரும் எல்லோரோடும் உட்காருகிறார். எனக்கு வேண்டியது அதுதான்.

மொத்தம் பதினாலு பேர். மாமிக்கு எண்பத்திரண்டு வயது, பல் இல்லை. ஓவன் இல்லாமல் ரோஸ்ட் முடியுமா? இல்லையென்றால் நம் சமையலிலேயே இப்படி அமைகிற ஒன்று உண்டா?

கருங்கல் நர்ஸ் (இப்போது லீட்ஸ்):

டீச்சர், உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் இங்கேயும் எல்லா வீட்டிலும் வாராவாரம் செய்வதில்லை, பலர் பப்பில் போய்ச் சாப்பிட்டுவிடுகிறார்கள். வார்டில் வயதானவர்கள்தான் ஆசையாகப் பேசுவார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் 1954 வரை இங்கே இறைச்சி ரேஷனில்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னத் துண்டு ஒன்றைச் சுட்டு, மிச்சத்தைத் திங்கட்கிழமை ஆறினபடியே சாப்பிடுவார்கள், இல்லையென்றால் கொத்தி உருளைக்கிழங்கோடு சேர்ப்பார்கள். ரோஸ்ட்டோடு வைக்கும் யார்க்‌ஷயர் புட்டிங் என்பது இனிப்பு இல்லை. முட்டை, மாவு, பால் மூன்றும் கலந்த கரைசலைச் சுடுவது. முதலில் அதைக் கிரேவியோடு கொடுத்துப் பாதி வயிறு நிறைத்துவிட்டால் இறைச்சி எல்லோருக்கும் எட்டும். ஏழை வீட்டுக் கணக்கு அது.

ஒன்று முக்கியம். இங்குள்ள முறையை அப்படியே அங்கே செய்தால் இறைச்சி செருப்பு மாதிரி ஆகிவிடும். இங்கே ரோஸ்ட்டுக்கு விற்பது இளம் மாடு, வெட்டிப் பல நாள் குளிரில் தொங்கவிட்டது. அரைக் கிலோவுக்கு இருபது நிமிடம், மேலே இன்னொரு இருபது நிமிடம் என்று சுட்டால் போதும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். நம் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு, அன்று காலையில் அறுத்தது. அதன் நாரெல்லாம் கரைய ஈரமும் நேரமும் வேண்டும்.

நான் ஊருக்கு வரும்போது செய்வது இது. தொடைக்கறியை வெட்டாமல் இரண்டு கிலோ ஒரே கட்டியாக வாங்கி, சரடு சுற்றிக் கட்டி, நல்லமிளகு, பூண்டு, இஞ்சி, உப்பு, கொஞ்சம் வினாகிரி தேய்த்துச் சனிக்கிழமை இரவே வைத்துவிடுவேன். காலையில் வெங்காயமும் ஒரு தம்ளர் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம். தீயை அணைத்து, மூடியைத் திறக்காமல் ஆராதனைக்குப் போய்விடலாம். வந்து தேங்காய் எண்ணெயில் நாலு பக்கமும் புரட்டிச் சிவக்கவிட வேண்டும். பத்து நிமிடம் அப்படியே ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே அரியுங்கள். குக்கர் தண்ணீரை வற்றவிட்டால் அதுதான் கிரேவி. மாமிக்கு ஓரத்துச் சதையைப் பிய்த்து அதில் ஊறவையுங்கள்.

இங்கே மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான வேரைத் துருவி வைப்பார்கள். முருங்கை வேரிலும் அதே காரம் இருப்பதால்தான் முருங்கைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயரும் உண்டு. அதற்காக வேரைத் தோண்ட வேண்டாம், அதன் பட்டையில் நச்சு இருக்கிறது. கடுகு அரைத்து வைத்தாலே போதும்.

இன்னொன்று. முற்காலத்தில் இங்கே ஓவன் இல்லாத ஏழைகள் ஞாயிறு காலை இறைச்சியை ரொட்டிக்காரர் அடுப்பில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்களாம்.

களியக்காவிளை பேக்கரி:

கடைசி வரியைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். டீச்சர், ஏன் ஓவன் தேடுகிறீர்கள்? பக்கத்தில் விறகுப் போர்மா (ரொட்டி சுடும் பெரிய அடுப்பு) உள்ள பேக்கரி எது என்று விசாரியுங்கள். எங்களிடம் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. டிசம்பரில் வீட்டுக்காரர்கள் கேக் மாவைப் பாத்திரத்தோடு கொண்டு வந்து, பெயர் எழுதின சீட்டை வைத்துவிட்டுப் போவார்கள். இறைச்சிக்கும் அதே வழிதான்.

சனி இரவு ரொட்டி எடுத்த பிறகு கங்கை வாரிவிட்டுக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலையிலும் உள்ளே நல்ல சூடு நிற்கும். அது இறங்குமுகமான சூடு, கருகாது. கனமான பாத்திரத்தில் இறைச்சியை வைத்து, மூடியைச் சுற்றி மைதாவைப் பிசைந்து ஒட்டிவிடுங்கள், நீராவி வெளியே போகாது. எட்டு மணிக்கு உள்ளே வைத்தால் பன்னிரண்டரைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நர்ஸ் சொன்ன புட்டிங் இந்தச் சூட்டில் உப்பாது, அதற்கு நெருப்பு புதிதாக இருக்க வேண்டும்.

குலசேகரம் பெரியம்மை:

மக்களே, வெளிநாட்டுப் பிள்ளைகள் ரோஸ்ட் தின்னத்தானா இவ்வளவு தூரம் வருகிறார்கள்? கிழங்கும் இறச்சியும் கொடு. திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பரவின மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), அரிசி கிடைக்காத நாட்களில் இந்த நாட்டையே காப்பாற்றியது.

வறுத்தரைத்த இறச்சிக்கறி சனிக்கிழமை வைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை ருசி. மண்சட்டியில் வை, தேங்காய்க்கொத்து கூடுதலாகப் போடு. காலையில் இடியாப்பமோ புட்டோ எது செய்தாலும், மத்தியானத்துக்குக் கிழங்கு மட்டும் வேகவைத்தால் போதும். நடு நாரை எடுத்துவிட்டு வேகவை, முதல் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டு. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் சதைத்துப் போட்டு மசித்துவிட்டால் உன் மாமிக்கும் ஆகும். பெரிய சட்டியை நடுவில் வைத்துவிட்டு அவரவர் எடுத்துத் தின்னட்டும் என்று சொல். பழக்கத்தை மாற்ற வேண்டியது உன் வீட்டு ஆட்கள், கறி இல்லை.

செங்கோட்டை:

எங்கள் வீட்டில் கோழிதான். முழுக்கோழியில் மசாலா தடவி, வாழையிலையில் பொதிந்து, கனமான உருளியில் மூடிச் சிறு தீயில் ஒன்றேகால் மணி நேரம். ஒரு தடவை திருப்பிப்போட வேண்டும், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மகள் வருவதற்கு முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று நேற்றே தொடங்கிவிட்டேன். பெரியம்மை சொன்னதையும் நர்ஸ் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் ஜங்ஷனில் போர்மா உள்ள ஒரு பேக்கரி இருக்கிறது. முதலில் தயங்கினார், அப்புறம் ஒத்துக்கொண்டார். மூன்று கிலோ தொடைக்கறி, கட்டிக் கொடுக்கச் சொன்னால் இறைச்சிக்கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. காலையில் பாத்திரத்தை நானும் நாத்தனாரும் ஒரு துணியைச் சுற்றிக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு நேரே ஆலயத்துக்குப் போனோம். ஞாயிறு பாட்டுகள் முழுவதையும் கடிகாரம் பார்க்காமல் பாடினேன்.

திரும்பி வந்து மைதா ஒட்டை கத்தியால் தட்டி உடைத்தபோது வந்த வாசனை, நல்லமிளகும் பூண்டும் கொழுப்பும் கலந்தது, பேக்கரி வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மேல்பக்கம் கருஞ்சிவப்பாக இருந்தது. சரடை அறுத்ததும் கரண்டியாலேயே பிரிந்தது. உருளைக்கிழங்குக்குப் பதில் மரச்சீனி. பாதியை மாமிக்காக மசித்தேன். மீதியைத் துண்டாக வேகவைத்து வடித்து, சட்டியைக் குலுக்கி ஓரமெல்லாம் பொருபொருவென்று ஆனதும் சூடான எண்ணெயில் மொறுமொறுப்பாக எடுத்தோம். உருளைக்கிழங்கைவிட இது எனக்குப் பிடித்தது. புட்டிங்கை மகள் வந்த பிறகு, நெருப்பு உள்ள நேரம் கேட்டுச் செய்து பார்க்கிறேன்.

மேஜையோடு தம்பியின் மேஜையையும் சேர்த்துப் போட்டோம். ஒன்றேகாலுக்குப் பத்துப் பேரும் உட்கார்ந்துவிட்டோம், நானும் நாத்தனாரும் உட்பட. தண்ணீர் எடுக்க எழுந்தது என் வீட்டுக்காரர்.

மாமி மட்டும் தட்டைத் தொடாமல் இருந்தார்கள். என்ன வேண்டும் மாமி என்று கேட்டேன்.

"நீ எப்பம் விளம்புவே?" என்றார்கள்.

"எல்லாம் மேஜையிலேயே இருக்கு மாமி" என்று சொல்லி மசித்த கிழங்கை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.