மாதிரி எடுக்க அனுமதி: உங்கள் அருங்காட்சியகத்தில் எப்படி?

வணக்கம். ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதத்திலிருந்து ஆய்வுத் திட்டங்களைக் கவனிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கிவிட்டார்கள். எங்களிடம் இருப்பதோ, பொருளைச் சுரண்டாமலே அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் கையடக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி ஒன்றே ஒன்று. அதற்கு நான்கு குழுக்கள் வரிசையில் நிற்கின்றன.

போன வாரம் செப்புத் திருமேனிகள் பார்க்க வந்தவர்களுக்கும் நாணயங்கள் பார்க்க வந்தவர்களுக்கும் ஒரே நாளைக் கொடுத்துவிட்டோம். ஒரு குழு மாலைவரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. நோட்டில் பென்சிலால் எழுதியிருந்த தேதியை யாரோ அழித்து எழுதியிருக்கிறார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சரி, அதையாவது சமாளித்துவிடலாம். மாதிரி கேட்பவர்கள்தான் பெரிய தலைவலி. இந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். களிம்பேறிய செம்பில் உள்ளே இருக்கும் உலோகக் கலவையின் அளவு சரியாகத் தெரியாது. அதனால் அடிப்பீடத்தில் துளி சுரண்டிக்கொள்கிறோம் என்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுரண்டியது திரும்ப வராதே.

உங்கள் இடத்தில் இதை முடிவு செய்வது காப்பாட்சியர் மட்டுமா, ஒரு குழுவா? மிச்ச மாதிரியைத் திருப்பி வாங்குகிறீர்களா? அப்புறம், ஆய்வு முடிவின் பிரதியைக் கட்டாயம் தரவேண்டும் என்று எழுதி வாங்குகிறீர்களா? எங்களுக்குப் பிரதி தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். விண்ணப்பப் படிவம் ஏதாவது கைவசம் இருந்தால் அனுப்புங்கள். அடுத்த வாரம் எங்களுக்குக் கூட்டம்.