போனில் மாட்டு வைத்தியம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மன்னார்குடி விவசாயி:

உறவுகளுக்கு வணக்கம். போன ஐப்பசி அடைமழையில் எங்கள் கொட்டகையில் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் அவசியம் எழுதுங்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜெர்சி கலப்பு. மூன்றாவது ஈத்து. கன்று போட்டு இரண்டாம் நாள் சாயங்காலம் பின்னங்கால் தள்ளாடியது, படுத்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வாய்க்கால் நிரம்பி ரோட்டுக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது. பைக் போகாது. இரவு ஒன்பது மணி. விவசாயிகள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டோ போட்டேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்த ஒருவர் உடனே கூப்பிட்டார். "வயிறு உப்பியிருக்கு. நல்லெண்ணெய் அரை லிட்டர், மூங்கில் குழாயில ஊத்துங்க, காலையில எழுந்திரிச்சிடும்" என்றார். குரலில் அவ்வளவு உறுதி. நானும் எண்ணெய்யைக் கையில் எடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரிதான் தடுத்தாள். "இருங்க. அவரு யாரு, எந்த ஊரு டாக்டருன்னு கேட்டீங்களா?"

கேட்டேன். தீவனக் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம் விற்பனையில் இருந்தாராம். படிப்பு பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். போனை வைத்துவிட்டு எங்கள் ஊர் கால்நடை மருந்தக டாக்டரைக் கூப்பிட்டேன். இந்த மாட்டுக்குச் சினை பார்த்ததே அவர்தான். வீடியோவில் வரச் சொன்னார். டார்ச்சைக் கழுத்துப் பக்கம் பிடிக்கச் சொன்னார். கழுத்து வளைந்து தலை விலாவில் சாய்ந்திருந்தது. "காதைத் தொட்டுப் பாருங்க" என்றார். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. "மூக்கு?" காய்ந்து கிடந்தது.

"பால் காய்ச்சல்ங்க. ரத்தத்துல கால்சியம் இறங்கிப்போச்சு. வாயில ஒரு சொட்டு ஊத்தாதீங்க. அதுக்கு இப்ப முழுங்கத் தெம்பு இருக்காது, எண்ணெய் நுரையீரலுக்குப் போயிடும். ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை அணை கொடுத்து நெஞ்சு தரையில படியிற மாதிரி நிமித்தி உட்கார வைங்க. தலை தாழக் கூடாது. நான் வர்றேன்" என்றார்.

டிராக்டரில் ஏறி அவர் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. கால்சியம் பாட்டிலை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கையால் ஊசிக் குழாயை அழுத்தியும் தளர்த்தியும், மறு கையால் இதயத்தில் ஸ்டெத்தை வைத்தபடி மெதுவாக ஏற்றினார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடுமாம். பாதி பாட்டிலில் மாடு நடுங்க ஆரம்பித்தது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. காய்ந்து கிடந்த மூக்கு நுனியில் முத்து முத்தாக வியர்வை அரும்பியது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "வந்துட்டா" என்றார்.

கை கழுவும்போது கேட்டேன்: "சார், இதை முன்னாடியே போன்லயே சொல்லியிருந்தா நாங்களே ஏத்தியிருக்க முடியாதா?" அவர் கோபப்படவில்லை. நின்று நிதானமாகச் சொன்னார். நாட்டில் கால்நடை வைத்தியம் யார் பார்க்கலாம் என்று சொல்வது 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். அதன் 30ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் செய்யலாம். டிப்ளமோ படித்த ஆய்வாளர் போன்றவர்கள், மாநில அரசு அனுமதித்தால், டாக்டரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்கு மருந்து கட்டுவது போன்ற சின்ன வேலைகளைச் செய்யலாம். அவ்வளவுதான். அந்தச் சட்டம் எழுதியபோது கிராமத்தில் போனே அபூர்வம். அதனால் யார் பார்க்கலாம் என்று இருக்கிறதே தவிர, எங்கிருந்து பார்க்கலாம் என்று அதில் எழுதவில்லை. மனுஷ டாக்டர்களுக்கு 2020 மார்ச் 25 அன்று தொலை மருத்துவ வழிகாட்டுதல் வந்தது. அது மனுஷ டாக்டர்களுக்கு மட்டும்தான், நம் மாட்டு டாக்டர்களுக்கு இல்லை.

அதாவது, தெரிந்த மாட்டுக்குப் போனில் அவர் சொன்னதும் வைத்தியம்தான், அந்த எண்ணெய்க்காரர் சொன்னதும் வைத்தியம்தான். முன்னவர் பதிவு பெற்றவர், சொன்னதற்குப் பொறுப்பு ஏற்கிறவர். பின்னவர் போனை வைத்தால் போயே போய்விட்டார். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

---

பாபநாசம் மருந்துக்கடை:

மன்னார்குடி அண்ணனுக்கு வணக்கம். கடைக்காரன் பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வாரத்தில் நாலு பேராவது போனை நீட்டி, "இந்த மருந்தைக் குடுங்க, டாக்டர் வாட்ஸ்அப்ல அனுப்பிருக்காரு" என்பார்கள். பார்த்தால் வெறும் மருந்துப் பெயர் இருக்கும், சில சமயம் பழைய பாட்டிலின் போட்டோ. 1945ஆம் வருட மருந்து விதிகளில் 65ஆவது விதி தெளிவாக இருக்கிறது. சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும். டாக்டர் தன் கையால் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். மருந்து மாட்டுக்கு என்றால் மாட்டுக்காரர் பெயரும் விலாசமும் வேண்டும். எவ்வளவு மருந்து, என்ன அளவு என்பதும் வேண்டும். வாய்ஸ் மெசேஜில் "ஆன்டிபயாடிக் நாலு ஊசி குடுத்துடுங்க" என்றால் அதில் ஒன்றுமே இல்லை. நான் கொடுப்பதில்லை. திட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைத்துவிடுகிறது என்பதுதான் வேதனை.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. வலி ஊசி. டைக்ளோஃபெனாக் மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006லேயே தடை வந்தது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அந்த இறைச்சியைத் தின்ற பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. நம் மாநிலத்தில் இப்போது மாயாற்றுப் பக்கம் போனால்தான் அவற்றைப் பார்க்க முடியும். மனுஷருக்கான டைக்ளோஃபெனாக் பெரிய பாட்டிலில் வந்து மாட்டுக்குப் போகிறது என்பதால் 2015இல் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக்கூடாது என்றார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். இதெல்லாம் போனில் மருந்து சொல்கிற "டாக்டருக்கு" தெரியுமா? போன மாசம்கூட ஒருவர் பத்துக் குப்பி மனுஷ ஊசியைக் கேட்டார். எதுக்குண்ணே என்றேன். காளைக்குக் கால் வீக்கம், யூடியூபில் பார்த்தேன் என்றார். அனுப்பிவைத்தேன், கால்நடை மருந்தகத்துக்கு.

---

திருவாரூர் பால்காரம்மா:

அண்ணா, நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். இரண்டு மாடு. மடி வீக்கம் வந்தபோது டாக்டர் வெளியூரில் இருந்தார். பழைய ஊசி ஒன்று வீட்டில் இருக்கிறது, அதையே போடலாமா என்று போனில் கேட்டேன். முதலில் பாட்டில் லேபிளை வீடியோவில் காட்டச் சொன்னார். அப்புறம், "பாலைப் பார்க்காம சொல்ல மாட்டேன்" என்றார். கறுப்புத் துணியில் பீய்ச்சிக் காட்டினேன். திரிதிரியாக வந்தது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு மடி முழுக்கப் பூசச் சொன்னார். நாம் எல்லோரும் அறிந்த வைத்தியம்தான். ஊசி மட்டும் மறுநாள் வந்து பார்த்துத்தான் எழுதினார்.

எழுதும்போது ஒன்று சொன்னார், அதைத்தான் இங்கே எல்லா அக்காக்களுக்கும் சொல்ல வந்தேன். ஊசி போட்டால் பாலைக் கேனில் ஊற்றக் கூடாத நாள் என்று ஒன்று இருக்கிறதாம். லேபிளில் போட்டிருக்கும். போடவில்லை என்றால் 2012 விதிப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். இத்தனை வருஷமாக இதை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. ஊசி போட்ட அன்று சாயங்காலமே ஊற்றியிருக்கிறேன். அந்தப் பாலை ஊரில் எத்தனை பிள்ளைகள் குடித்தார்களோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

---

மன்னார்குடி விவசாயி:

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் என் வீட்டு ஊசி டப்பாவை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் எழுத்தே அழிந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

---

வேதாரண்யம் ஆட்டுக்காரர்:

எங்க பக்கம் உப்பளம், முள்ளுக்காடு. நாற்பது ஆடு வைத்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது செல்போன் டவரே சாய்ந்து கிடந்தது. மரம் விழுந்து ஆட்டுக்குக் கால் போனது, யாரைக் கூப்பிடுவது? அப்போது ஒரு டாக்டர் தென்னை மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்தார். அதனால் போன் வைத்தியத்தை நம்பியே இருக்கலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஏறாது.

ஆனால் போனால் நல்லதும் நடந்தது. இரண்டு வருடம் முன்னால் ஐந்தாறு ஆட்டுக்கு மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல். வீடியோ எடுத்து எங்கள் மருந்தக டாக்டருக்கு அனுப்பினேன். பார்த்ததும், "எந்த ஆட்டையும் சந்தைக்கு ஓட்டாதீங்க. தனியாக் கட்டுங்க. வி.ஏ.ஓ.கிட்டயும் சொல்லிடுங்க, நான் நேர்ல வந்து மாதிரி எடுக்கறேன்" என்றார். ஆட்டுக்கொல்லி என்ற தொற்றுநோயோ என்று சந்தேகப்பட்டார். 2009இல் வந்த கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி இந்த மாதிரி நோய் என்று தெரிந்தால் சொல்வது ஆட்டுக்காரன் கடமை, மறைப்பது தப்பு. எனக்கு அதெல்லாம் தெரியாது. அன்றைக்கு வியாபாரி ஒருவன் நல்ல விலை பேசி வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். பணத்துக்கு ரொம்ப நெருக்கடி வேறு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவனை வெறும் வண்டியோடு அனுப்பிவிட்டேன். விற்றிருந்தால் நாலு ஊருக்கு நோய் போயிருக்கும். ஏழு ஆடு செத்தது. மற்றவை பிழைத்தன.

---

நீடாமங்கலம் தம்பி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எனக்கு நடந்தது கசப்பான கதை. உம்பளச்சேரிக் காளை, வண்டிக்குப் பழக்கியது, நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி அழகாக இருக்கும். இன்சூரன்ஸ் போட்டிருந்தேன், காதில் வில்லையும் இருந்தது. ஆன்லைனில் ஒருவரிடம் கட்டணம் கட்டி மூன்று நாள் வீடியோ ஆலோசனை. நாலாம் நாள் மாடு போய்விட்டது. அந்த ஆளிடம் இறப்புச் சான்று கேட்டேன். எடுக்கவே இல்லை. நம்பரை மாற்றிவிட்டார் போல. ஊர் டாக்டரிடம் ஓடினேன். "நான் பாக்கலியே தம்பி. இப்ப வந்து அறுத்துப் பாத்துதான் எழுத முடியும்" என்றார். அதற்குள் புதைத்திருந்தோம். சான்றில் கையெழுத்துப் போடும் உரிமையும் அந்த 30ஆவது பிரிவில்தான் வருகிறது, பதிவு பெற்றவருக்கு மட்டும். இன்சூரன்ஸ்காரர்கள் கொடுக்க மாட்டோம் என்றதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாட்டை அல்லவா தொலைத்தேன்.

---

கும்பகோணம், இப்போது கலிபோர்னியா:

இங்கே இதற்கென்றே சட்டம் எழுதிவிட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பின் பார்க்காத நாயையும் டாக்டர் நேரடி வீடியோவில் பார்த்து வைத்தியத்தைத் தொடங்கலாம். குரலை மட்டும் கேட்டு முடியாது. ஆன்டிபயாடிக் என்றால் 14 நாளுக்கு மேல் எழுத முடியாது, அதற்கு மேல் வேண்டுமானால் நேரில் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டுப் பூனைக்குக் கண்ணில் நீர் வந்தபோது அப்படித்தான் பார்த்தோம். டாக்டர் தொடங்கும்போதே தன் உரிமத்தைப் பற்றியும், வீடியோவில் எதையெல்லாம் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட்டார். நம் ஊருக்கும் இந்த மாதிரி வரம்பு ஒன்று எழுத்தில் வந்தால் நீடாமங்கலம் தம்பிக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. கையில் தீர்வு இருக்கும்போது காத்திருப்பது ஏன் என்று தெரியவில்லை.

---

ஒரத்தநாடு பக்கத்துக்காரர்:

எங்கள் ஊரில் 2012இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முடியாத மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். தூரத்து ஊர்க்காரர்கள் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற நம்பரைக் கூப்பிடுங்கள். இலவசம்தான். வண்டியில் டாக்டர், உதவியாளர், டிரைவர் மூவரும் வருவார்கள். ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன்னால் அதை முயற்சி செய்து பாருங்கள்.

---

மன்னார்குடி விவசாயி:

தம்பி, உங்கள் காளையைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளின் நம்பர், பணம் அனுப்பிய ரசீது, பேசிய வீடியோ எது இருந்தாலும் அழிக்காதீர்கள். நமது மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவில் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். நானும் அந்த எண்ணெய்க்காரர் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

அந்த மாடு இப்போது நன்றாக இருக்கிறது. கன்று செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அடுத்த ஈத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே வந்து பார்க்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் நம்பரையும் 1962ஐயும் வீட்டுக்காரி கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறாள்.