நீர்ப்பல்லியா, வாற்றேரையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நியூட் (newt) என்னும் வாலுள்ள நீர்நில வாழ்விக்குத் தமிழ்ப்பெயராகச் சித்தூர் ஐயா முன்மொழிந்த ‘நீர்ப்பல்லி’யை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு கால், நீண்ட வால் என்று பார்வைக்குப் பல்லிதான். ஆனால் பல்லிக்குச் செதிலும் நகமும் உண்டு. அது ஓடுள்ள முட்டை இடும். நியூட்டுக்கு இவை எதுவும் கிடையாது. ஈரத்தோல், கூழுறை போர்த்திய முட்டை, செவுளோடு நீந்தும் குஞ்சு என்று எல்லாமே தவளைச் சுற்றத்தின் அடையாளங்கள். பெயரிலேயே பிழையை ஊன்றிவிட்டால், வகுப்பில் அதைப் பிடுங்கவே பாதி நேரம் போய்விடும்.

மறையூர் அண்ணனின் ‘நீர் அரணை’யும் வேண்டாம். அரணை கடித்தால் மரணம் என்று தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிச் சொல்லியே அந்த அப்பாவிப் பிராணியை அடித்துக் கொல்கிறோம். அந்தப் பழியை இன்னோர் உயிரின் தலையில் ஏற்ற வேண்டுமா?

நாம் இப்போது பெயர் தேடுவது பார்சிலோனாவுக்கு அருகிலுள்ள மொன்செனி மலையின் நியூட்டுக்கு. 2005இல்தான் அது தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. தொர்தெரா ஆற்றின் இரு பக்கத்து ஓடைகளிலும் ஒன்றோடொன்று சேராத இரண்டு கூட்டங்களாக வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரில்தான் உயிர்வளி நிறையக் கரையும். இதுவோ பெரும்பாலும் தோலால் மூச்சு விடுகிறது. நுரையீரல் பெரிதாக இருந்தால் காற்று உடலை மேலே தூக்கும், ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இது சேர்ந்த பேரினத்தில் (genus) நுரையீரலே சுருங்கிவிட்டது. பகலெல்லாம் கல்லுக்கடியில் ஒண்டிக் கிடக்கும். போத்தல் தண்ணீருக்காக ஊற்றை உறிஞ்சினாலே இதன் குடி முழுகிவிடும்.

மூணாற்று ஓடைகளில் தவளை உண்டு, காலில்லாத நீர்நில வாழ்வியான குருட்டுப்புழு (caecilian) உண்டு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கத் தேடினாலும், வளர்ந்த பின்பும் நான்கு காலும் வாலுமாகத் திரியும் நீர்நில வாழ்வி ஒன்றுகூட இல்லை. இல்லாத உயிருக்கு ஊர்ப்பெயர் கிடைக்காது. புதிதாகத்தான் ஆக்க வேண்டும்.

என் முன்மொழிவு ‘வாற்றேரை’. வாலுள்ள தேரை. கல்லுக்குள் தேரை நமக்குப் பழகியது. இதுவும் கல்லுக்கடியில் வாழ்வதே. தேரை என்றால் சொரசொரப்பான தோல் அல்லவா, மொன்செனி இனத்துக்கு வழுவழுப்பாயிற்றே என்று கேட்கலாம். நம் பக்கத்தில் சிறு தவளையையும் தேரை என்றுதான் சொல்கிறோம். கல்+தூண் கற்றூண் ஆவதுபோல வால்+தேரை வாற்றேரை. சின்னப் பிள்ளைகளுக்கு முதல்முறை மட்டும் ‘வால் தேரை’ என்று பிரித்து எழுதலாம். மலையோடையில் வாழும் இந்தப் பேரினத்துக்கு ‘ஓடை வாற்றேரை’. பள்ளிச் சுவர்ப்படத்தில் இதையே எழுத நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

– தேவிகுளத்திலிருந்து

மறுமொழி:

தம்பி, நீர்ப்பல்லியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். டார்ஜிலிங் பக்கத்து நியூட் இனம் குளம் குட்டைகளில் இனப்பெருக்கம் செய்வது. ஆகவே ‘ஓடை’ பொதுப்பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. ‘வாற்றேரை’யைத் தனியே பதியுங்கள், அதன் கீழே ‘இமய வாற்றேரை’, ‘மொன்செனி ஓடை வாற்றேரை’ என்று வரட்டும். நியூட்டின் சுற்றமான சலமாண்டரின் பெயர் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

– சித்தூர்