பழைய மோட்டார்ஹோம் கூரை: மேற்பூச்சு பூசினால் ஒழுக்கு நிற்குமா?

கேள்வி – ஏரிக்கரை

வணக்கம். ஃபோர்டு இ-350 அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட, 1999ஆம் ஆண்டு மோட்டார்ஹோம் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றைக் கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் வைத்திருக்கிறோம். கூரை வெள்ளை ரப்பர் தாளால் ஆனது. கையால் தடவினால் வெண்பொடி ஒட்டுகிறது. மழை பெய்தால் பக்கச் சுவர்களில் வெள்ளைக் கோடுகள் வழிகின்றன. ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கையின் வலது மூலையில் பழுப்பு நிறக் கறை படர்ந்திருக்கிறது. கூரையில் ஏ.சி.க்கு முன்புறம் ஓரிடம் மிதித்தால் இலேசாக அமுங்குகிறது. முந்தைய உரிமையாளர் காற்றுப்போக்கிகளைச் சுற்றிலும் சாதாரண சிலிக்கோனைத் தடித்துப் பூசியிருக்கிறார். ஆகஸ்ட் முடியப்போகிறது, பனிக்காலத்துக்கு முன் கூரை முழுவதும் அக்ரிலிக் மேற்பூச்சு அடித்துவிட்டால் ஒழுக்கு நிற்குமா, அல்லது அதற்கு முன் செய்ய வேண்டியது வேறு ஏதேனும் உண்டா?

பதில் – மரவேலைக்காரர்

ஐயா, மேற்பூச்சு வெயிலைத் தடுத்துத் தாளின் ஆயுளை நீட்டிக்கும், ஒழுக்கை நிறுத்தாது. அதிலும் அடியிலுள்ள மரம் ஈரமாக இருக்கும்போது மேலே பூசி மூடிவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி உளுத்தல் விரைவாகும். ஆகவே பூச்சு வாளியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, தண்ணீர் எங்கே நுழைகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

வெண்பொடியைக் கண்டு அஞ்ச வேண்டாம். இ.பி.டி.எம். எனப்படும் இந்தச் செயற்கைக் கூரை ரப்பரின் மேற்பரப்பு வெயிலில் மெல்ல மெல்லச் சிதைந்து அவ்வாறு பொடியாவது இயல்பு. பூச்சும் ஒட்டுநாடாவும் அந்தப் பொடியின் மேல் ஒட்டாது என்பதே அதனால் வரும் தொல்லை. கழுவுவதற்கு மென்மையான சோப்பு நீர் போதும். பெட்ரோலியம் கலந்த கரைப்பான்களையும், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் சேர்ந்த துப்புரவுத் திரவங்களையும் கிட்டே கொண்டுவராதீர்கள். அவை ரப்பரை ஊதிப் புடைக்கச் செய்யும்.

படுக்கை மூலையில் உள்ள கறைக்குக் கூரைத் தாளைக் காட்டிலும் முன்முகப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். இவ்வகை வண்டிகளின் நெற்றியில் ஐந்து சிறு விளக்குகள் உண்டு. அவற்றின் அடியில் நீர் புகாமல் அடைக்கும் அடிப்பட்டை காய்ந்து வெடித்தால், ஓடும் வண்டியில் காற்று மழைநீரை நேரே உள்ளே தள்ளும். முகப்பும் கூரையும் சேரும் இணைப்பும், படுக்கைப் பகுதியின் சன்னல் சட்டமும் அதற்கு அடுத்தபடி பார்க்க வேண்டியவை. தண்ணீர் நுழையும் இடமும் கறை தோன்றும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீர் மரச்சட்டத்தின் வழியே ஓடி, தாழ்வான மூலையில்தான் வெளிப்படும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சன்னல்களையும் கதவையும் மூடிவிட்டு, கூரைக் காற்றுப்போக்கி ஒன்றில் வலுவான மின்விசிறியைக் காற்று உள்ளே பாயும்படி பொருத்தி, மற்ற காற்றுத் திறப்புகளை நாடாவால் அடையுங்கள். பிறகு வெளியே இணைப்புகள் மீது சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே வாருங்கள். காற்று வெளியேறும் இடத்தில் குமிழிகள் எழும். தண்ணீர் உள்ளே வருவதும் அதே வழியாகத்தான். கூரை மேல் ஏறும்போது எடை பரவுவதற்காகப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

பதில் – வடதிசை

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஏ.சி.யைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அது 14 அங்குலச் சதுரத் துளையின் மேல், நுரை அடிப்பட்டை ஒன்றின் மீது அமர்ந்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நுரை தளர்ந்துபோகும். உள்ளே கூரைப் பலகத்தைக் கழற்றினால் நான்கு நீண்ட போல்ட்டுகள் தெரியும். நுரை தன் தடிமனில் ஏறத்தாழப் பாதியாக அமுங்கும் அளவுக்கு அவற்றைச் சமமாக முறுக்க வேண்டும். நுரை உயிரற்றுத் தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். வெளியே ஏ.சி.யின் விளிம்பைச் சுற்றிச் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுவது கூடவே கூடாது. ஏ.சி.யில் குளிர்ந்து சொட்டும் நீர் வெளியேற வேண்டிய வழி அதுதான்.

சிலிக்கோனைத் துளியும் விடாமல் அகற்றுங்கள். அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியைக் கொண்டு பொறுமையாகச் செய்யும் வேலை இது, விரைவாக முடியாது. மற்றபடி, பழைய கூரைச் சீலன்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடங்களில் அதைத் தோண்டத் தேவையில்லை. சுத்தம் செய்து அதன் மேலேயே புதியதை இடலாம். கிடைத்தளத்தில் தானாகப் பரவிச் சமமாகும் வகை, செங்குத்துப் பரப்பில் வழியாத வகை: டைகோர் நிறுவனம் இரண்டையும் விற்கிறது.

மேற்பூச்சுக்குச் சிலிக்கோன் வகையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தேங்கும் நீரை அது அக்ரிலிக்கைவிட நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தில் மிகவும் வழுக்கும். ஒருமுறை பூசிவிட்டால் பிறகு எப்போதும் சிலிக்கோனையே பூச வேண்டியிருக்கும். உங்கள் கூரையில் நீர் தேங்காவிட்டால் அக்ரிலிக்கே போதும் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர் – ஏரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. சோப்பு நீர்ச் சோதனையில் வலது ஓர நெற்றி விளக்கிலும் முகப்பு இணைப்பிலும் குமிழிகள் தெளிவாக எழுந்தன. ஏ.சி. போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. அமுங்கும் இடத்தில் ஈரப்பதமானி 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டுகிறது. உள்ளிருந்து பார்த்தால் பிளைவுட் கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிகிறது. அந்தப் பகுதியை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது முழுத் தாளையும் உரிக்க வேண்டுமா?

பதில் – மரவேலைக்காரர்

அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம். ரப்பர் தாளை மூன்று பக்கம் வெட்டி மடித்துத் திறந்து, கெட்ட பிளைவுட்டைக் குறுக்குச் சட்டங்களின் நடுக்கோடு வரை அறுத்தெடுங்கள். புதுப் பலகையின் விளிம்புகளுக்கு ஆணி பிடிக்க இடம் வேண்டும் அல்லவா? சுற்றியுள்ள மரம் முழுக்க உலரும் வரை, விசிறியையும் ஈரநீக்கியையும் ஓடவிட்டுக் காத்திருங்கள். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிலைத்தால் பூஞ்சை வளராது. நான் 15 வரை இறங்கப் பார்ப்பேன். அதே தடிமனில் புதிய பலகையைப் பொருத்தி, ரப்பருக்குரிய நீர்சார் பசையால் தாளைத் திரும்ப ஒட்டி, வெட்டுக் கோடுகளின் மேல் எடர்னாபாண்ட் என்னும் கூரை ஒட்டுநாடாவை உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். அந்த நாடா ஒட்டிய பின் நகர்த்த முடியாத அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலிலேயே கோடு வரைந்துகொள்ளுங்கள்.

நெற்றி விளக்குகளைக் கழற்றி, அடிப்பட்டைகளைப் புதுப்பித்து, முகப்பு இணைப்பின் பட்டையை அகற்றி அதன் கீழே புதிய பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் அடைப்பு நாடா) இட்டு மூடுங்கள். பழைய திருகுத் துளைகள் தளர்ந்திருந்தால் சற்றுத் தடித்த திருகுகள் தேவைப்படும்.

மேற்பூச்சை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது. புதிய சீலன்ட் முழுவதும் இறுகுவதற்கு 30 நாட்கள் வரை ஆகும். அக்ரிலிக் பூச்சுக்கு 10 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும், மழையோ பனித்துளியோ இல்லாத ஒரு முழு நாளும் வேண்டும். செப்டெம்பர் முடிவதற்குள் உங்கள் ஊரில் இரவுகள் அதற்கும் கீழே குளிர்ந்துவிடும். இப்போது இணைப்புகளை அடைத்து முடித்தால் பனிக்காலத்தைக் கடக்க அது போதும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், இடுக்குகளில் தங்கிய சிறிதளவு ஈரமும் வசந்தத்துக்குள் அவற்றைப் பெரிதாக்கிவிடும். அதனால் முகப்பு இணைப்பை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் பூசும்போது, தாளைக் கழுவியபின் அந்தப் பூச்சுக்கென்றே விற்கப்படும் முன்பூச்சை இட்டு, முதல் பூச்சை நீளவாட்டிலும் இரண்டாவதைக் குறுக்குவாட்டிலும் அடியுங்கள்.