வட ஐரோப்பாவில் பகலிலும் ஹெட்லைட்: சட்டம் எங்கே உள்ளது, பயன் எவ்வளவு?

கேள்வி: லண்டன் வாசகர்

அன்பர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் மாதத்தில் ஒஸ்லோவில் நடைபெறவிருக்கும் உறவினர் திருமணத்துக்கு லண்டனிலிருந்து காரிலேயே செல்வதென்று தீர்மானித்திருக்கிறோம். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றிக் கலேயில் இறக்கி, பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி வழியாக டென்மார்க்கை அடைந்து, கோப்பன்ஹேகனிலிருந்து ஓரெசுண்ட் பாலத்தைக் கடந்து சுவீடனுக்குள் நுழைந்து, மால்மோ, கோதன்பர்க் வழியே ஒஸ்லோ போய்ச் சேர்வது எங்கள் திட்டம். என் கார் 2009ஆம் ஆண்டில் பதிவானது. எஞ்சினை இயக்கியவுடன் தானாக எரியும் பகல் விளக்கு அதில் இல்லை. ஹெட்லைட்டைக் கையால்தான் போட வேண்டும். என் மைத்துனர் 2016ஆம் ஆண்டின் காரில் எங்களுடன் வருகிறார். அதில் பகல் விளக்கும் உண்டு, இருட்டினால் தானாக ஹெட்லைட் எரியும் ஆட்டோ வசதியும் உண்டு.

பிரிட்டனில், 100 மீட்டருக்கு அப்பால் பார்க்க முடியாதபடி பார்வை குறைந்தால் ஹெட்லைட் போட்டாக வேண்டும் என்பதைத் தவிர, பகலில் அதை எரியவிட வேண்டும் என்று கார்களுக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வடக்கே செல்லச் செல்ல, வெயில் கொளுத்தும் நண்பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று கேள்விப்படுகிறேன். எங்கள் வழியில் உள்ள நாடுகளில் எங்கெல்லாம் இது கட்டாயம்? ஹெட்லைட்டை டிப்பில், அதாவது ஒளி தாழ்ந்து விழும் நிலையில், போட வேண்டுமா, அல்லது சிறு விளக்கே போதுமா?

மைத்துனர் இதை வீண் செலவு என்கிறார். பகல் வெளிச்சத்தில் காரைப் பார்க்க முடியாதவர் கார் ஓட்டவே கூடாது என்பதும், எதிரே வருபவர்களின் கண்களைக் கூசச் செய்வதைத் தவிர இதனால் வேறு பலன் இல்லை என்பதும் அவருடைய வாதம். அதில் நியாயம் இருப்பதாக எனக்கும் தோன்றுகிறது. அந்நாடுகளில் வாழ்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: ஒஸ்லோ, டாக்சி ஓட்டுநர்

வணக்கம் ஐயா. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் எல்லையைக் கடந்த நொடியிலிருந்து ஒஸ்லோவில் திருமண மண்டபத்தின் வாசல் வரை, இரவு பகல், மழை வெயில், நகரம் நாட்டுப்புறம் என்ற வேறுபாடு எதுவும் இல்லாமல் உங்கள் காரில் விளக்கு எரிய வேண்டும். சுவீடனில் 1977 அக்டோபர் 1 முதல் இது சட்டம். டென்மார்க்கில் 1990 முதல். நார்வேயில் 1985இல் புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்து, 1988இல் எல்லாக் கார்களுக்கும் விரித்தார்கள். பின்லாந்து இன்னும் முந்தியது: 1972இலேயே நகரங்களுக்கு வெளியே குளிர்காலத்தில் கட்டாயமாக்கிவிட்டது. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நான்கிலும் தெளிவான பகலில் கார்களுக்குக் கட்டாயம் இல்லை. மழை, மூடுபனி, சுரங்கச் சாலை ஆகியவற்றில் மட்டும் போட்டாக வேண்டும். நீங்கள் எல்லை எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருக்காமல், கலேயில் இறங்கியதும் போட்டுவிடுங்கள். எந்த நாடும் அதைக் குற்றமாகக் கருதாது.

உங்கள் 2009 காரில் டிப்பில்தான் போட வேண்டும். சிறு விளக்கு, அதாவது கார் நிற்கும்போது போடும் விளக்கு, இங்கே செல்லாது. மைத்துனருடைய காரில் உள்ள பகல் விளக்கு தெளிவான பகலில் செல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி 7 முதல் புதிதாக அங்கீகாரம் பெறும் கார் வகைகள் அனைத்திலும் அதைக் கட்டாயமாக்கியதால்தான் அவர் காரில் இருக்கிறது, உங்கள் காரில் இல்லை.

இனி அவருடைய வாதத்துக்கு வருகிறேன். பகல் விளக்கு ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதற்காக அன்று. மற்றவர்கள் அந்தக் காரைப் பார்ப்பதற்காக. இந்த நாடுகளின் நிலத்தையும் சூரியனையும் பார்த்தால் அதன் தேவை தானாகவே விளங்கும். டிசம்பர் நண்பகலில் ஒஸ்லோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 7 பாகைகூட உயர்வதில்லை. கண்ணாடிக்கு நேரே சூரியனை வைத்துக்கொண்டு, உப்பு படிந்த சாம்பல்நிறச் சாலையில், அதே உப்பு படிந்த சாம்பல்நிறக் கார் எதிரே வரும்போது அதன் உருவம் தெரிவதற்கு முன்பாகவே இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரிந்துவிடுகின்றன. கோடையில் நிலைமை வேறு, தேவை ஒன்றே. பள்ளத்தாக்குச் சாலைகளில் ஸ்ப்ரூஸ் மரங்கள் இருபுறமும் நெருங்கி நிற்கும். ஒரு பட்டை வெயில், ஒரு பட்டை நிழல் என்று சாலை மாறிமாறி வரும். வெயிலுக்குப் பழகிய கண் நிழல் பட்டைக்குள் நிற்கும் கரும்பச்சைக் காரைத் தவறவிடும். முன்னே செல்லும் லாரியை முந்துவதற்கு எதிர்த்தடத்தில் ஏறலாமா என்று முடிவு செய்யும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் அந்த விளக்குதான் முடிவைச் சொல்கிறது.

ஆய்வும் இருக்கிறது. இங்குள்ள போக்குவரத்துப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரூனே எல்விக் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், பகல் விளக்கு எரியும் கார்கள் பகலில் பிற வாகனங்களோடு மோதும் விபத்துகள் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைவதாகக் கணித்தார். தனியாகச் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கும் காருக்கு விளக்கு எந்த உதவியும் செய்யாது என்பதால் கணக்கில் சேர்ப்பது மோதல் விபத்துகளைத்தான்.

கண் கூசும் என்பதை நான் ஏற்கவில்லை. பகல் விளக்குக்கான ஐ.நா. விதி 87 அதன் ஒளிச்செறிவை 400 முதல் 1200 கேண்டெலா என்று வரையறுத்திருக்கிறது. டிப்பின் ஒளியோ சாலையை நோக்கித் தாழ்ந்தே விழுகிறது. நண்பகலில் ஃபுல் பீமைப் போட்டுக்கொண்டு வருபவர் கூசச் செய்வார். அது பகல் விளக்கின் குற்றம் அன்று. பெட்ரோல் செலவு சற்றுக் கூடும் என்பது உண்மை. ஹாலோஜன் குமிழ் ஒன்றுக்கு 55 வாட். பின்விளக்கும் எண்பலகை விளக்கும் சேர்ந்தால் உங்கள் காரில் 150 வாட் அளவுக்கு வரும். அந்தச் சுமையை எஞ்சின்தான் தாங்குகிறது என்றாலும், கூரையில் பெட்டி கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிது.

பதில் 2: பினாங்கு, மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்

ஒஸ்லோ நண்பர் சொன்னவற்றில் கார்களுக்கு இடையிலான கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் சாலை கார்களுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் மலேசியாவில் 1992 முதல் மோட்டார்சைக்கிள்கள் பகலில் ஹெட்லைட்டுடன்தான் ஓட வேண்டும். சிங்கப்பூரில் 1995 முதல் அதே விதி. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் இருசக்கர வாகனங்களில் விளக்கை அணைக்கும் சுவிட்சே இல்லாமல் செய்துவிட்டார்கள். செரெம்பானிலும் ஷா ஆலமிலும் நடத்திய சோதனையை வைத்து ராடின் உமரும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மோட்டார்சைக்கிள் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னார்கள். சந்திப்பில் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் காரோட்டி, எதிரே ஓடிவரும் சிறு வாகனத்தைக் கண்டுகொள்வதற்கு அந்த ஒற்றை விளக்கு உதவுகிறது.

என் கவலை இதுதான்: எதிர்த்தடத்தில் வரும் கார்கள் அனைத்திலும் இரண்டிரண்டு விளக்குகள் எரியும்போது, அவற்றுக்கு முன்னாலோ நடுவிலோ வரும் என் ஒற்றை விளக்கு தனித்துத் தெரிவதில்லை. பின்னால் வரும் காரின் இடது விளக்கோடு அது கலந்துவிடுகிறது. விளக்கே இல்லாத மிதிவண்டிக்காரருக்கும், சாலையைக் கடக்கும் முதியவருக்கும் இது இன்னும் மோசம். ஒளிரும் பொருள்களையே தேடிப் பழகிய கண் ஒளிராதவர்களை விட்டுவிட்டு நகர்கிறது. இது என் கற்பனை மட்டும் அன்று. ஆஸ்திரியா 2005 நவம்பரில் கார்களுக்குப் பகல் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கி, இப்படிப்பட்ட எதிர்ப்புகளுக்குப் பிறகு 2008 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அமெரிக்காவிலும், எல்லா வாகனங்களுக்கும் இதைக் கட்டாயமாக்குமாறு ஜெனரல் மோட்டார்ஸ் 2001இல் கொடுத்த மனுவை அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் நிராகரித்தது. ஒட்டுமொத்த விபத்துகளில் தெளிவான குறைவு எதுவும் அதன் ஆய்வில் தெரியவில்லை.

ஆகவே ஐயா, சட்டம் கேட்கும் இடத்தில் விளக்கைப் போடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. கோப்பன்ஹேகனில் நுழையும்போது மட்டும், மிதிவண்டிகள் தங்கள் தனித்தடத்தில் உங்கள் வலப்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மனத்தில் வைத்து, வலது பக்கம் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பாருங்கள்.

பதில் 3: டொரன்டோ வாசகர்

கனடாவில் 1989 டிசம்பர் 1க்குப் பிறகு தயாரான கார்கள் அனைத்திலும் பகல் விளக்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒரு தலைமுறை முழுவதும் அதோடு வளர்ந்திருக்கிறது. அந்த அனுபவத்தில் நாங்கள் கண்ட பெரிய சிக்கலை உங்கள் மைத்துனருக்குச் சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் அது புதிய கார்களில்தான் வருகிறது.

பகல் விளக்கு முன்பக்கத்தில் மட்டுமே எரியும். பல கார்களில் பின்விளக்கு அதோடு எரிவதில்லை. இருட்டத் தொடங்கும்போது, முன்னே சாலையில் ஓரளவு வெளிச்சம் விழுவதையும் டாஷ்போர்டு ஒளிர்வதையும் பார்த்து, ஹெட்லைட் எரிகிறது என்று ஓட்டுபவர் நம்பிவிடுகிறார். பின்னால் வருபவருக்கோ அந்தக் கார் பிரேக் பிடிக்கும் வரை கண்ணில் படுவதே இல்லை. 401 நெடுஞ்சாலையில் திடீர்ப் பனிப்பொழிவு இறங்கும் மாலையில், சக்கரங்கள் கிளப்பும் சேற்றுப் பனிக்குள் பின்விளக்கு இல்லாத வெள்ளைக் கார் ஒன்று முன்னே சென்றுகொண்டிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதற்காகவே கனடா அரசு 2021 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு விதியைத் திருத்தியது: பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்குகளும் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஓட்டுநர் உணரும்படி டாஷ்போர்டு இருண்டே இருக்க வேண்டும்.

ஆட்டோ வசதி இருக்கிறதே என்று அவர் சொல்லக்கூடும். முன்கண்ணாடியில் உள்ள உணரி, வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறிகிறது. பகல்நேர மூடுபனி பார்வையை மறைத்தாலும் வெண்மையாகவும் வெளிச்சமாகவும் இருப்பதால், அதை நல்ல பகலென்றே உணரி எடுத்துக்கொள்ளும். எனவே மழையிலும் மூடுபனியிலும் ஆட்டோவை நம்பியிருக்காமல் அவரே சுவிட்சைத் திருப்பி டிப்பில் வைக்க வேண்டும்.

பினாங்கு நண்பரின் கவலை எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆயினும் அதற்குத் தீர்வு கார்களின் விளக்கை அணைப்பதன்று என்பது என் கருத்து. மோட்டார்சைக்கிளை விளக்கின் நிறத்தாலோ அமைப்பாலோ காரிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் வழியைத்தான் சட்டம் இயற்றுபவர்கள் தேட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இந்தப் பக்கத்தை மைத்துனரிடம் காட்டினேன். பின்விளக்கைப் பற்றிய செய்தியைப் படித்தவுடன் கீழே சென்று காரை இயக்கிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். டாஷ்போர்டு முழுவதும் ஒளிர்ந்துகொண்டிருந்தது, பின்பக்கம் இருண்டு கிடந்தது. கூசும் என்ற வாதத்தை அவர் இன்னும் விடவில்லை. பயணம் முழுவதும் டிப்பிலேயே வைப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. எங்கள் கார்கள் இடப்பக்கம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. நாள் முழுவதும் டிப் எரியப்போகிறது என்றால் எதிரே வருபவரின் கண் கூசாமல் தடுக்கும் ஸ்டிக்கரை ஹெட்லைட்டில் ஒட்ட வேண்டுமா?

பதில் 1: ஒஸ்லோ, டாக்சி ஓட்டுநர்

கட்டாயம் ஒட்டுங்கள் ஐயா. பிரிட்டிஷ் காரின் டிப், சாலையோரம் தெரிவதற்காக இடப்பக்கம் சற்று உயர்ந்து விழும். இங்கே வலப்பக்கம் ஓட்டும்போது அந்த உயர்ந்த பகுதி எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகப் போகும். வெயிலில் அது பொருட்டாகத் தெரியாது. ஆனால் இருட்டிய பின் இருவழிச் சாலைகளில் எதிரே வருபவர்கள் துன்பப்படலாம். மைத்துனரின் காரில் வலப்பக்க ஓட்டத்துக்கு மாற்றும் அமைப்பு மெனுவிலேயே இருக்கக்கூடும். கையேட்டைப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அவரும் ஸ்டிக்கரே ஒட்டட்டும்.

உங்கள் காருக்குரிய குமிழ் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் எரியும் ஹாலோஜன் குமிழ் விரைவில் அவிந்துவிடும். ஒற்றைக்கண்ணோடு ஓடும் காரைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் மோட்டார்சைக்கிள் என்று நினைத்து முந்தத் துணிவார். தங்குமிடங்களில் காரை நிறுத்தும்போது, பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிவது கண்ணில் படாமல் போகும் என்பதால், எஞ்சினை அணைத்தபின் சுவிட்சையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். திரும்பி ஃபோக்ஸ்டனில் இறங்கியதும் முதல் வேலையாக ஸ்டிக்கரை உரித்துவிட வேண்டும். பல நாள் சூட்டில் பசை இறுகியிருக்கும் என்பதால் வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் அதன் மேல் வைத்தால் கண்ணாடி கீறாமல் வந்துவிடும்.